களத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு மடல்

ஆத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தை பிறந்ததும் லாரிகளில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஜெயங்கொண்டம் வட்டாரத்துக்கு வந்து சேருகிற அறுவடை இயந்திர உரிமையாளர்களுக்கும், அவற்றை இராப்பகலாக ஓட்டுகிற ஓட்டுநர்களுக்கும், இன்னார் வயலுக்குப் பின் இன்னார் வயல் என்று வரிசை போட்டுக் கொடுக்கிற ஏஜென்டுகளுக்கும் எழுதுகிற மடல் இது.

உங்கள் தொழிலின் அருமையை நான் அறியாதவன் அல்லன். கொள்ளிடக் கரையை ஒட்டிய தா.பழூர், ஸ்ரீபுரந்தான் பக்கத்து நஞ்சைகளிலும், பொன்னேரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கங்கைகொண்டசோழபுரத்துச் சுற்று வயல்களிலும் சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்த நேரத்தில், வானத்தில் எதிர்பாராத மேகம் ஒன்று திரண்டுவிட்டால், ஆள் தேடி ஊர் ஊராக அலைந்தும் பத்துப் பேரைச் சேர்க்க முடியாத இக்காலத்தில், ஓர் ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தனியாகவும் தாளைத் தனியாகவும் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற உங்களை நாங்கள் நன்றியோடுதான் நினைக்கிறோம். வரப்பில் கொசுவலை கட்டிப் படுத்து, கிடைத்த வீட்டுச் சோற்றை உண்டு, வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் நடு இரவு வரை தூசியைக் குடித்துக்கொண்டு நீங்கள் செய்கிற உழைப்பு எங்கள் உழைப்புக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஆயினும், பல ஆண்டுகளாக எங்களுக்குள் நாங்கள் பேசிப் பேசி ஆற்றிக்கொள்கிற ஒரு குறையை, உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறேன். ஒரு வயலில் நீங்கள் அறுத்த தானியம் முழுவதும் அந்த வயலுக்காரனுக்குப் போய்ச் சேருவதில்லை. அதில் ஒரு பகுதி வண்டிக்குள்ளேயே தங்கி, அடுத்த வயலுக்காரனுடைய நெல்லில் வந்து விழுகிறது. ரகம் மாறும்போதும் பயிர் மாறும்போதும் வண்டியைத் திறந்து சுத்தம் செய்துவிட்டு அடுத்த வயலில் இறக்குங்கள் என்பதே இம்மடலின் விண்ணப்பம். அதற்குரிய கூலியை நாங்கள் தர வேண்டும் என்பதையும் இதே மடலில் எழுதப் போகிறேன்.

எங்கள் பாட்டனார் காலத்தில் ஒவ்வொரு குடியானவனுக்கும் ஒரு களம் இருந்தது. அல்லது ஊருக்குப் பொதுவான களத்தில் ஒரு முறை இருந்தது. ஒரு ரகத்தின் போர் அடித்து முடிந்து, பொலி தூற்றி, நெல் வீடு சேர்ந்த பிறகு, களத்தை ஈர்க்குமாறால் கூட்டி, வெடிப்புகளில் கிடக்கும் நெல்லைப் பொறுக்கி, சாணம் தெளித்து மெழுகி, காய்ந்த பின்னரே அடுத்த ரகத்துக் கட்டுகளை அங்கே இறக்குவது வழக்கம். அது வெறும் ஆசாரமன்று. சீரகச் சம்பாவில் சிவப்பு நெல் விழாமல் காத்த வித்தை அது. இன்று அந்தக் களம் எங்களிடம் இல்லை. அறுப்பதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் நடக்கின்றன. களமே சங்கிலிச் சக்கரம் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிரயாணம் செய்கிறது. களம் உங்கள் கைக்கு மாறியபோது, அதைக் கூட்டி மெழுகுகிற கடமையும் கூடவே மாறியிருக்க வேண்டும். அது மாறவில்லை, எங்களிடமும் நிற்கவில்லை, இருவருக்கும் நடுவில் எங்கேயோ கேட்பாரற்றுப் போய்விட்டது.

வண்டிக்குள் நெல் எங்கே தங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் இம்மடலைப் படிக்கிற விவசாயிகளில் பலர் வண்டியை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். டேங்கிலிருந்து குழாய் வழியாக நெல் கொட்டி முடிந்து, கடைசி மணிகள் சலசலவென்று விழுந்து ஓய்ந்ததும், வண்டி காலியாகிவிட்டது என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் டேங்கின் மூலைகளிலும், கொட்டும் ஆகருக்கு அடியில் உள்ள பள்ளத்திலும், எலிவேட்டரின் அடிப்பெட்டியிலும், ட்ரம்முக்குக் கீழே உள்ள வளைந்த தட்டிலும், சல்லடையின் கண்களிலும், முன்பக்கத்துக் கட்டருக்குப் பின்னால் கதிரை உள்ளே தள்ளுகிற தொட்டியிலும், பெல்ட்டில் அப்பிய சேற்றிலும் கூட நெல் இருக்கிறது. எலிவேட்டரின் அடிக்கதவைக் கழற்றுகிற வேளையில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்: முதலில் கருந்தூசி ஒரு பிடி, அதன் பின் நசுங்கிய வைக்கோல் துணுக்கு, அதன் பின் கை கையாக நெல், சில வெளுத்தது, சில சிவந்தது, சில எந்த ஊரில் அறுத்தது என்று ஓட்டுநருக்கே நினைவில்லாதது.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியியல் ஆராய்ச்சியாளர்கள், மக்காச்சோளமும் சோயாவும் அறுக்கிற இயந்திரங்களைப் பகுதி பகுதியாகத் திறந்து, உள்ளே தங்கியதை வழித்தெடுத்து நிறுத்துப் பார்த்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் இயந்திரத்துக்குள் 38 கிலோ முதல் 84 கிலோ வரை கிடைத்தது. அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முழுத் தானியம். முற்றாகச் சுத்தம் செய்ய 2 மணி நேரம் முதல் 7 மணி நேரம் வரை ஆள் உழைப்புத் தேவைப்பட்டது என்றும் அவர்கள் எழுதினார்கள். அந்நாட்டு இயந்திரங்கள் யானை போன்றவை. நம் வயல்களில் இறங்கும் பெல்ட் வண்டி அவற்றைவிட மிகச் சிறியது என்பதை நான் மறக்கவில்லை. ஆகையால் அந்தக் கணக்கை அப்படியே உங்கள் மேல் சுமத்தாமல், ஐந்தே கிலோ தங்குகிறது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

அந்த ஐந்து கிலோ சி.ஆர். 1009 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரகத்தில் ஆயிரம் மணிகளின் எடை சுமார் 24 கிராம். அப்படியானால் ஒரு கிலோவில் ஏறக்குறைய 40 ஆயிரம் மணிகள். ஐந்து கிலோவில் இரண்டு லட்சம். அடுத்த வயல் பி.பி.டி. 5204 போட்ட ஒரு விதைப் பண்ணை. அங்கே முதலில் விழுகிற ஆயிரம் கிலோவில் இந்த இரண்டு லட்சமும் கலந்துவிட்டால், கிலோவுக்கு 200 மணி அந்நிய நெல். சான்று விதையில் கிலோவுக்கு 20 மணிக்கு மேல் வேறு ரகம் தென்படக் கூடாது. ஆதார விதையில் 10 மணிக்கு மேல் கூடாது என்பது இந்தியா முழுவதற்கும் விதிக்கப்பட்ட தரம். ஐந்து கிலோ என்று தாராளமாகக் குறைத்துச் சொன்ன பிறகும், அனுமதித்த அளவைப் போலப் பத்து மடங்கு கலப்பு ஏறிவிடுகிறது.

விதைப் பண்ணை போட்டவன் அந்த இருபது மணிக்குள் நிற்பதற்காக என்ன பாடு படுகிறான் என்பதை நீங்கள் கண்ணால் கண்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் வருகிற நாளில் வயல் ஒரே மட்டமாக விளைந்து கிடக்கும். ஆனால் அதற்கு முன், தூர் கட்டுகிற பருவத்திலும், பூக்கிற பருவத்திலும், கதிர் முற்றுகிற பருவத்திலும், பெண்கள் வரிசையாக இறங்கி, உயரம் மிகுந்தது, முன்னே பூத்தது, இலையின் நிறம் மாறியது, மூக்கில் மீசை வைத்தது என்று கலவன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வேரோடு பிடுங்கி வரப்பில் எறிகிறார்கள். விதைச்சான்று அலுவலர் வந்து பார்க்கிறபோது சான்று விதை வயலில் ஆயிரம் செடிக்கு இரண்டு கலவனுக்கு மேல் இருக்கக் கூடாது. முழங்கால் சேற்றில் நின்று, குனிந்த முதுகு நிமிராமல் மூன்று முறை செய்த அந்தப் பிரயாசை முழுவதையும், சுத்தம் செய்யாத வண்டியின் முதல் டேங்க் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. பரிசோதனை நிலையத்திலிருந்து தேறவில்லை என்று முடிவு வந்த பிறகு, நீல அட்டை கட்டி விதையாகப் போக வேண்டிய நெல் சோற்று நெல்லாகப் போகிறது. அந்த நஷ்டத்துக்கு உங்களிடம் ரசீது கிடையாது; எங்களிடம் சாட்சி கிடையாது.

மக்காச்சோளம் அறுத்துவிட்டு வந்த வண்டியில் நெல் அறுத்தால்தான் தவறு, நெல்லுக்குப் பின் நெல்தானே, அதில் என்ன வந்துவிட்டது என்று உங்களில் சிலர் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். அது நியாயமான கேள்வி போலத் தோன்றுகிறது. ஆனால் விஷயம் நேர் மாறானது. நெல்லில் விழுந்த மக்காச்சோளம் கண்ணுக்குத் தெரியும். ஒரு சல்லடை அதைப் பிரித்துவிடும். வேற்றுமை குறையக் குறையத்தான் கேடு அதிகம். பி.பி.டி. 5204-க்கு மாற்றாக வந்த டி.கே.எம். 13 அதைப் போலவே சன்னமானது. இரண்டும் கலந்தால் எந்தச் சல்லடையும் பிரிக்காது, அனுபவமுள்ள வியாபாரியின் கண்ணும் சில வேளை தவறும். அடுத்த ஆண்டு அந்த நெல்லை விதையாகத் தெளித்தவன்தான் கண்டுபிடிப்பான்: டி.கே.எம். 13 சுமார் 130 நாளில் முற்றிவிடும், பி.பி.டி.க்கு மேலும் பதினைந்து நாளுக்குக் குறையாது. ஒன்றுக்காகக் காத்தால் மற்றொன்று உதிரும். ஒன்றுக்காக அறுத்தால் மற்றொன்று பச்சையாக வந்து கருக்காயாகும்.

இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. கொள்ளிடம் பெருகுகிற ஐப்பசி, கார்த்திகையில் பயிர் மூழ்குகிற தாழ்வான வயல்களுக்கென்றே சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகத்தைப் பலர் தேடி வாங்குகிறார்கள். பயிர் முழுதும் நீருக்குள் அமிழ்ந்தாலும் இரண்டு வாரம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கிற குணம் அதற்கு ஏற்றப்பட்டிருக்கிறது. பார்வைக்கோ, அதுவும் பழைய சி.ஆர். 1009-உம் ஒன்றே: அதே குண்டு மணி, அதே தாள், அதே வயது. வண்டிக்குள் இவை கலந்தால் அறுக்கிற அன்றைக்குத் தெரியாது. விற்கிற அன்றைக்குத் தெரியாது. விதைத்து, முளைத்து, நடவு செய்து, பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறபோதும் தெரியாது. வெள்ளம் வந்து வடிந்த பிறகு, வயலில் அங்கங்கே அழுகிய குத்துகள் தெரிகிறபோதுதான் தெரியும். அன்றைக்கு அந்த விவசாயி ரகத்தைக் குறை சொல்வான், விதை விற்றவரைக் குறை சொல்வான். இரண்டு தை மாதத்துக்கு முன் சுத்தம் செய்யாமல் இறங்கிய ஒரு வண்டியை அவன் நினைக்கவே மாட்டான்.

பாரம்பரிய நெல் போடுகிறவர்களின் துயரம் வேறு வகையானது. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர் தூயமல்லி விதைத்து, ஒரு பிடி உப்பு உரம் கூடப் போடாமல் வளர்த்து, நல்ல விலைக்கு அரிசியாகக் கொடுப்பதாக நகரத்தில் சிலரிடம் வாக்குச் சொல்லியிருந்தார். அவர் வயலுக்கு முன் வண்டி போன இடம் மாப்பிள்ளைச் சம்பா அறுத்த வயல். நெல்லாக இருந்தவரையில் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆலையில் உமி நீங்கியதும் வெள்ளை அரிசிக் குவியலில் சிவப்பு அரிசி சிதறிக் கிடந்தது. அவர் மனைவியும் மாமியாரும் முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சிவப்பை எடுத்து ஓரத்தில் வைப்பதும், முறத்தைத் தட்டி இன்னொன்றைத் தேடுவதுமாக நாள் கணக்கில் பொறுக்கினார்கள். பிறகு முடியாமல் விட்டுவிட்டார்கள். வாங்குவதாகச் சொன்னவர்கள், நீங்கள் கலப்படம் செய்கிறவரா என்று கேட்டார்களாம். அந்த ஒரு கேள்வியை அவரால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வண்டியின் சொந்தக்காரர் பெயரை நான் விசாரிக்கவும் இல்லை, எழுதவும் போவதில்லை. எந்த வண்டியாக இருந்தாலும் அன்றைய வழக்கப்படி அப்படித்தான் நடந்திருக்கும்.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த ரகங்களை மீட்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டு 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள், வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு அதை நான்கு கிலோவாகத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லுவார் என்பதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஏற்பாட்டின் அஸ்திவாரமே நம்பிக்கைதான்: திருப்பிக் கொடுக்கிறவன் வாங்கின ரகத்தையே திருப்பிக் கொடுக்கிறான் என்ற நம்பிக்கை. அவன் வஞ்சகம் நினைக்காமலேயே அவன் விதை கலந்துவிட்டால், அந்தக் கலப்பு அடுத்த இரண்டு பேருக்குப் போகிறது. அவர்களிடமிருந்து நான்கு பேருக்குப் போகிறது. கருப்புக் கவுனியையும் காட்டுயானத்தையும் எங்கோ ஒரு மூலையில் சில குடும்பங்கள் தலைமுறையாகக் காத்து வைத்திருந்ததால்தான் அவை இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன.

கொள்முதல் நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. சன்னத்தில் தாழ்ந்த ரகம் 6 சதவீதம் வரை கலந்திருக்கலாம் என்பது விதி. அங்கே வித்தியாசம் சிறிது, விதியும் தாராளமானது. விதை நெல்லுக்கும் வீட்டு நெல்லுக்கும் அப்படிப்பட்ட தாராளம் கிடையாது என்பதால்தான் அவற்றை முன்னே வைத்துப் பேசினேன்.

களைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லைப் போலவே முளைத்து, நெல்லைப் போலவே தூர் கட்டி, நாம் அறுக்குமுன்னே தானாக உதிர்ந்து மண்ணில் உறங்குகிற காட்டு நெல் என்ற ஒன்று உண்டு. மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்து நெல்வயல்களில் 1988-ல் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நேரடி விதைப்பும், கலப்பு விதையும், வயலுக்கு வயல் நகர்கிற அறுவடை இயந்திரங்களும் சேர்ந்து அதைப் பின்னாளில் வடக்கே உள்ள பெரிய நெல் வட்டாரங்கள் வரை கொண்டு சேர்த்தன. ஒரு முறை வயலில் ஏறிவிட்டால் அதை வழக்கமான களைக்கொல்லிகளால் எளிதாக ஒழிக்க முடிவதில்லை, ஏனென்றால் அதுவும் நெல்லே. எங்கள் பகுதியிலும் ஆள் பற்றாக்குறையால் நேரடி விதைப்பு பெருகி வருகிறது. எந்த மாவட்டத்து வயலில் எது நிற்கிறது என்று அறியாமல் பல மாவட்டங்களைக் கடந்து வருகிற வண்டி, சுத்தம் செய்யாமல் வந்தால் நெல்லை மட்டும் கொண்டு வருவதில்லை.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். வண்டி கடனில் வாங்கியது. தவணை மாதம் தவறாமல் வரும். வேலை கிடைப்பதோ ஆண்டில் சில வாரங்கள். அந்தச் சில வாரங்களில் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் பணம். நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஓட்டுநருக்கு மணிக் கணக்கில் படி; ஏஜென்டுக்கு மணிக் கணக்கில் கமிஷன். விவசாயியோ வரப்பில் நின்று, வண்டி இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் கைபேசியில் குறித்துக்கொண்டு, கால் மணி கூடினாலும் வாதாடுகிறான். ஓட்டுநர் ஒருவர், இருங்கள் ஐயா, எலிவேட்டரைத் திறந்து கொட்டிவிட்டு இறங்குகிறேன் என்று சொன்னபோது, அதெல்லாம் இருக்கட்டும், மழை வருகிறது, முதலில் இறங்கு என்று அவசரப்படுத்திய விவசாயிகள் எங்களிலேயே இருக்கிறார்கள். ஆகவே பிழை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. அறுக்கிற நேரத்துக்கு விலை இருக்கிறது. சுத்தம் செய்கிற நேரத்துக்கு விலை இல்லை. விலை இல்லாத வேலையை எவரும் செய்ய மாட்டார்கள். இந்த நிலைமை மாறாமல் உங்களுக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நேரம் முழுவதும் உங்கள் சம்பாத்தியத்திலிருந்துதான் வர வேண்டுமென்பதும் இல்லை. தை மாதத்தில் எங்கள் பகுதியில் பனி கனமாக இறங்குகிறது. வெயில் ஏறிக் கதிரில் ஈரம் உலரும்வரை, காலை ஒன்பது மணி, சில நாள் பத்து மணி வரை, வண்டியை வயலில் இறக்க முடியாமல் நீங்கள் டீக்கடையில் காத்திருக்கிறீர்கள். அந்தக் காலை வேளை சுத்தம் செய்வதற்கென்றே இயற்கை விட்டு வைத்த வேளை போல எனக்குத் தோன்றுகிறது. இரவு வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டு வண்டியை மூடிவிட்டால், உள்ளே தங்கிய தானியம் பனியில் நனைந்து ஒட்டிக்கொள்ளாது. காலையில் உலர்ந்த நிலையில் எளிதாக வரும். ஆகையால் ஏஜென்டுகளை நான் குறிப்பாகக் கேட்டுக்கொள்வது இது: விதைப் பண்ணை வயல்களையும் பாரம்பரிய நெல் வயல்களையும் அன்றைய நாளின் முதல் வேலையாகப் போடுங்கள். மற்ற வயல்களை முன்பணம் கொடுத்த வரிசையில் மட்டும் போடாமல், ஒரு கிராமத்தில் பி.பி.டி. எல்லாவற்றையும் ஒரு மூச்சில் முடித்து, அதன் பின் சி.ஆர். 1009 வயல்களுக்குப் போகிற மாதிரி ரகவாரியாக வரிசை கட்டுங்கள். அப்படிச் செய்தால் நாளுக்கு ஐந்து முறை சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் ஒரு முறை போதும். விவசாயியின் பெயரும் ஏக்கரும் எழுதுகிற உங்கள் நோட்டில் ரகத்தின் பெயரையும் எழுதிக்கொள்வதற்கு ஒரு வரி இடம் அதிகம் தேவைப்படாது.

ஓட்டுநர் தம்பிமார்களே, உங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது, ரகம் மாறுகிற இடத்தில், புது வயலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அல்ல, அறுத்து முடித்த வயலிலேயே வண்டியை நிறுத்தி, காற்றாடியை முழு வேகத்தில் வைத்து, தானியம் இல்லாமல் சில நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். பின்பு எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, எலிவேட்டர் அடிக்கதவுகளையும் டேங்கின் அடிப்பள்ளத்தையும் ட்ரம்மின் பக்கக் கதவையும் திறந்து, மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து பின்னாகவும் புளோயரால் ஊதி, தூரிகையால் வழித்து, கொட்டுவதை ஒரு தார்ப்பாயில் பிடித்து அந்த வயலுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அது அவருடைய நெல். உளுந்துக்கோ மக்காச்சோளத்துக்கோ போய் வந்த வண்டியானால் சல்லடையையும் கழற்ற வேண்டும். அதற்கு அரை மணி போதாது, முழுக் காலைப் பொழுது ஆகும். எவ்வளவு ஊதினாலும் சிறிது தங்கத்தான் செய்யும். ஆகையால் புது வயலில் முதலில் விழுகிற இரண்டு மூட்டை நெல்லைத் தனியாகப் பிடிக்கச் சொல்லி, இதை விதைக்கு வைக்காதீர்கள் என்று வயலுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். எஞ்சினைச் சுற்றிச் சேர்ந்த வைக்கோல் தூள் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதையும், ரேடியேட்டரில் அடைந்த பதர் எஞ்சினைக் கொதிக்க வைக்கும் என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதே அரை மணி உங்கள் வண்டியையும் காக்கிறது.

இரண்டாவது, கடைசியாக எந்த ஊரில் எந்த ரகம் அறுத்தீர்கள் என்று ஒரு விவசாயி கேட்டால், வேலை கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் மழுப்பாமல் உண்மையைச் சொல்லுங்கள். சுத்தம் செய்ய இயலாமற்போன நாளில் கூட, செய்யவில்லை என்று சொல்லிவிட்டால், அவர் அந்த நெல்லை விதைக்கு வைக்காமல் விற்றுவிடுவார். கெடுதி அங்கேயே நின்றுவிடும். தெரியாமல் விதைக்கு வைத்துவிட்டால்தான் அது அடுத்த ஆண்டுக்குத் தொடர்கிறது.

உரிமையாளர்களிடம் கேட்பது செலவு சம்பந்தமானது. வண்டி ஒன்றுக்கு ஒரு புளோயர், இரண்டு தூரிகை, ஒரு தார்ப்பாய், கதவுகளைக் கழற்றும் ஸ்பானர்கள் ஆகியவற்றை வண்டியோடு அனுப்புங்கள். சுத்தம் செய்த நேரத்துக்கும் ஓட்டுநருக்கு அறுத்த நேரத்துக்குக் கொடுக்கிற அதே படியைக் கொடுங்கள். அதை உங்கள் கையிலிருந்து கொடுக்கச் சொல்லவில்லை. வாடகையை நிர்ணயிப்பதற்காக மாவட்ட நிர்வாகம் உங்களையும் விவசாயிகளையும் அதிகாரிகளையும் கூட்டுகிற முத்தரப்புக் கூட்டத்தில், இதுவரை டயர் வண்டிக்கு இவ்வளவு, பெல்ட் வண்டிக்கு இவ்வளவு என்று இரண்டு வரிகள் எழுதப்படுகின்றன. மூன்றாவதாக, ரகம் மாறும்போது செய்கிற சுத்தத்துக்கு அரை மணி வாடகை, பயிர் மாறும்போது செய்கிற முழுச் சுத்தத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரியை நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்டால் எதிர்க்காமல் ஆதரிப்பது எங்கள் பொறுப்பு. விதைக்கு நெல் வைக்கிறவர்கள் அந்த அரை மணிக் கூலியை மனம் கோணாமல் தருவார்கள் என்பதைப் பலரிடம் பேசிய பிறகே எழுதுகிறேன். சோற்றுக்கும் கொள்முதலுக்கும் மட்டும் அறுக்கிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அவர்களிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை.

சம்பா அறுப்புக்கு வண்டிகள் இறங்குவதற்கு முன், மார்கழி முடிவதற்குள், இதைப் பேசி முடிவு செய்தாக வேண்டும். ஜெயங்கொண்டத்திலோ தா.பழூரிலோ உங்களுக்குச் சௌகரியமான ஓர் இடத்தையும் நாளையும் நீங்களே குறியுங்கள். சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் வேளாண்மைப் பொறியியல் துறையாரையும் அழைத்து, உங்கள் வண்டிகளில் ஒன்றையே எல்லோருக்கும் முன்பாகத் திறந்து, எந்தக் கதவுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்து, அதன்படி கூலியை ஒத்துக்கொள்வோம். எங்கள் கிராமங்களில் இந்த ஆண்டு யார் யார் விதைப் பண்ணை போட்டிருக்கிறார்கள், யார் யார் பாரம்பரிய நெல் வைத்திருக்கிறார்கள், எந்த வயலில் எந்த ரகம், எந்த வாரத்தில் முற்றும் என்ற பட்டியலை ஊர்வாரியாக எழுதி அன்றைக்கு நாங்கள் கொண்டு வருகிறோம். வரிசை போடுகிற நோட்டோடு ஏஜென்டுகள் வர வேண்டும். வண்டியைத் திறந்து காட்டக் கூடிய ஓட்டுநர்கள் வர வேண்டும். கையெழுத்துப் போடக் கூடிய உரிமையாளர்கள் வர வேண்டும்.

இங்ஙனம்,
ஜெயங்கொண்டம் வட்டார நெல் விவசாயி ஒருவன்